மதில்மேல் பூனைக்காலி

மிராசுதார் அருணகிரியின் மதிலை ஒட்டி இந்தப் பக்கம் செங்கமலத்தின் குடிசை. அவள் போட்ட அவரைக்கொடி மதிலேறிக் கொத்துக்கொத்தாய்க் காய்த்தது. அந்தக் காயை நம்பித்தான் பிள்ளைகளுக்கு ராத்திரிக் குழம்பு. மிராசுதாரோ ஆள் விட்டு அத்தனையும் பறித்துக்கொண்டார்.

"வேர் உன்னுது, மதில் என்னுது. என் மதில்ல காய்ச்சது எனக்குத்தான். வேணும்னா ஏறாம வளத்துக்கோ!"

கொடிக்கு மிராசுதார் மதில் எது, மாட்டுக்கொட்டகை மதில் எது என்று தெரியுமா என்ன?

மறு பருவம் செங்கமலம் அவரைக்குப் பதிலாகப் பூனைக்காலி விதையை ஊன்றினாள். காயெல்லாம் பட்டுபோலப் பொன்னிறச் சுணை. மேலே பட்டால் உடம்பு தீயாய் அரிக்கும். அதுவும் மதிலேறிக் காய்த்தது.

"எசமான், அதுல கை வைக்காதீங்க. உங்களுக்கு ஆகாது," என்று மரியாதையாகவே சொன்னாள்.

"உனக்கு ஆகுறது எனக்கு ஆகாதோ?" உசத்தி ரகம் போலிருக்கிறது என்று தன் கையாலேயே வேட்டி மடி நிறையப் பறித்தார்.

கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது. மேல்துண்டை வீசியெறிந்துவிட்டு மிராசுதார் குதித்துக்கொண்டிருந்தார்.

"அடியே, உன் கொடியைப் பிடுங்குடி!"

"என் கொடியா? எசமான் காயில நான் எப்படிக் கை வைப்பேன்?"

அவருடைய ஆட்களும் கிட்டே வரவில்லை.

"கொடியும் உன்னுது, காயும் உன்னுது! இனிமே எது ஏறினாலும் உன்னுதுதான்! எடுத்துத் தொலை!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றபடி செங்கமலம் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொடியை அறுத்தாள்.

அடுத்த தையில் அவரை மறுபடி அதே மதிலில் ஏறியது. மிராசுதார் அந்தப் பக்கம் உலாவுவதையே விட்டுவிட்டார்.