731-ஆம் டிஸ்க்

கற்றுக்கொள்ள வந்த சவரிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்று. கற்றுக்கொடுத்த நூருன்னிசாவுக்கு முப்பத்து மூன்று.

சவரிமுத்து இருபத்தாறு ஆண்டுகள் கம்ப்யூட்டர் பழுதுபார்த்தவர். கடையை மூடிய பிறகு, உள்ளே ஓடும் மென்பொருளையும் ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பி, கோவையில் இயங்குதளம் எழுதும் சிறிய குழு ஒன்றில் சேர்ந்தார். அதில் டிஸ்க்குகளோடு பேசும் பகுதி நூருன்னிசாவின் பொறுப்பு. ஆறு மாதமாகச் சவரிமுத்து எழுதிக் காட்டியதில் ஒரு வரியைக்கூட நூருன்னிசா ஏற்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. "இன்னொரு தடவை பாருங்க சார்" என்பார், அவ்வளவுதான்.

அப்போது அவர்களின் இயங்குதளத்தைப் பயன்படுத்தும் ஒரு புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் ஸ்கேன் படங்களைச் சேமிக்கத் தொடங்கியபோது எட்டு டிஸ்க். இப்போது ஆயிரத்துக்கும் மேல். பழைய படம் ஒன்றைத் திறந்தால் பத்துப் பதினைந்து நொடி திரை அப்படியே நிற்கிறது. 'எதிரே உட்கார்ந்திருப்பவர் என் முகத்தையே பார்க்கிறார். ஏதோ மறைக்கிறேன் என்று நினைக்கிறார்' என்று மருத்துவர் எழுதியிருந்தார்.

சவரிமுத்து அன்றைக்கே காரணத்தைக் கண்டுபிடித்தார். டிஸ்க்குகள் எல்லாம் ஒரே பட்டியலில் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. ஒரு படத்துக்கு லட்சம் கோரிக்கைகள் வரும். ஒவ்வொன்றும் முதல் டிஸ்க்கிலிருந்து ஆரம்பித்து "நீயா, நீயா" என்று கேட்டுக்கொண்டே போகும். எட்டுப் பேரிடம் கேட்கலாம். ஆயிரம் பேரிடம்?

பட்டியலைத் தூக்கிவிட்டு, எண்ணின்படி கிளை பிரியும் மரமாக அடுக்கினார். நாலு தாவலில் எந்த டிஸ்க்கும் கிடைத்தது. படம் ஒரே நொடியில் திறந்தது.

ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"மேடம், தேடுறதுக்கு இதைவிட நல்ல அமைப்பு இருக்கா?"

நூருன்னிசா திரையைப் பார்க்கவில்லை.

"சார், டெஸ்ட் ரூம்ல 731-ஆம் டிஸ்க் எங்க இருக்குன்னு பாத்துட்டு வாங்க."

போனார். பழகிய கண், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தார்.

"மூணாவது ரேக், ஏழாவது தட்டு, கடைசி."

"சரி. கழட்டி எடுத்துட்டு வாங்க."

மறுபடி போனார். இடம்தான் தெரியுமே. நேரே அந்தத் தட்டில் கையை விட்டு, கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

நூருன்னிசா அதைத் திருப்பி, ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினார். 1094.

"நீங்க இங்க வந்து சொல்லிக்கிட்டிருந்தப்போ டெஸ்ட் ரூம் மாதேஷ் மாத்திட்டார். நான்தான் மாத்தச் சொன்னேன்."

"நான் பாத்தப்போ 731தான் மேடம் இருந்துச்சு."

"ஆமா. பாத்தப்போ இருந்துச்சு."

தேடிக் கண்டதற்கும் கைவைப்பதற்கும் நடுவில் இப்படி டிஸ்க் மாறி, ஒருவரின் ஸ்கேன் இன்னொருவரின் இடத்தில் எழுதப்பட்டுவிட்டால்? சவரிமுத்து இருக்கைக்குத் திரும்பினார். தேடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை உருவிப் பார்த்தார். மூன்றாவது தடவை இயந்திரம் உறைந்து நின்றது.

ஒன்பது நாள் உட்கார்ந்தார். டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும் கோரிக்கை, அந்தக் கணமே அதன் மேல் ஒரு பிடி போட வேண்டும். பிடி இருக்கும்வரை அந்த டிஸ்க்கின் விவரம் அழியாது, அதன் இடத்துக்கு வேறொன்றும் வராது. எழுதி முடித்து ஓட்டினார். டிஸ்க்கை உருவினாலும் இயந்திரம் நிற்கவில்லை.

மறுநாள் டெஸ்ட் ரூம் பொறுப்பாளர் மாதேஷ் வந்து நின்றார்.

"சார், நேத்து கழட்டின டிஸ்க்கை உங்க புரோகிராம் இன்னும் இருக்கு இருக்குங்குது. அந்த இடத்துல புதுசு போட்டா எடுத்துக்க மாட்டேங்குது."

மதிய உணவு நேரம். நூருன்னிசா டப்பாவைத் திறந்திருந்தார்.

"உக்காருங்க சார். சாப்பிட்டீங்களா?"

"இல்ல மேடம். பிடி போடுறது சரியா நடக்குது. வேலை முடிஞ்சதும் எடுக்கிறதும் நடக்குது. ஆனா டிஸ்க்கைப் படிக்க முடியாம கோரிக்கை பாதியிலேயே திரும்பினா..."

நிறுத்தினார்.

நூருன்னிசா டப்பாவின் மூடியில் கொஞ்சம் எலுமிச்சை சாதத்தை வைத்து அவர் பக்கம் நகர்த்தினார். சவரிமுத்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து ஓடினார். பாதியில் திரும்பும்போது பிடியை எடுக்கும் இரண்டே வரிதான் விட்டுப்போயிருந்தது.

இரண்டு நாள் மாதேஷ் டிஸ்க்குகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். இயந்திரம் நிற்கவில்லை, எந்தப் பிடியும் தங்கிவிடவில்லை. நூருன்னிசா மூன்று முறை படித்துவிட்டு, முதன்முறையாக "ஏத்துக்கலாம்" என்றார். சவரிமுத்து கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மருத்துவமனையில் நிறுவிய நாலாம் நாள் மருத்துவர் எழுதினார்: 'படம் உடனே வருகிறது. கட்டி சுருங்கியிருக்கிறது என்று இன்று ஒருவரிடம் அவர் பயப்படுவதற்கு முன்பே சொல்ல முடிந்தது.'

சவரிமுத்து அதை இரண்டு முறை படித்தார். ஆனாலும் காலையில் வந்ததும் அந்த மருத்துவமனை இயந்திரம் தானே எழுதும் பதிவேட்டைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, ஓடும் வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வேலை எதையும் தொடவில்லை. ஒரு வாரம் இப்படியே போனது.

நூருன்னிசா வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன சார் பாக்கறீங்க?"

"ஓடுதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன் மேடம்."

"ஓடுதா?"

"ஓடுது. ஆனா நான் பாக்காதப்போ நின்னுட்டா?"

"நின்னா கூப்பிடுவாங்க."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நூருன்னிசா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், இது முடிஞ்சுபோச்சு. நீங்க இதை விட்டாத்தானே அடுத்தது உங்ககிட்ட வரும்?"