பாண்டான் இலையும் முதல் பானையும்

பாளையங்கோட்டையில் ஜெசிந்தா டீச்சர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் மொழிகளின் பூர்வீகத்தைச் சொல்லித்தரும் வகுப்பு நடக்கும். டீச்சருக்கு நாற்பது வயது. மணிலாவிலும் வெலிங்டனிலும் இருந்து படித்துவிட்டு வந்தவர். மாணவர்களில் மூத்தவர் கோமதிநாயகம், ரிட்டயர்டு தாசில்தார். பென்ஷன் வாங்குகிற வயதில் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று வீட்டில் கேட்காதவர்கள் இல்லை. மனிதர் அசையவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள், வகுப்பே இல்லாத சாயங்காலம், அவர் மாடியேறி வந்து நின்றார். டீச்சர் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"பிலிப்பைன்ஸ்ல பேசுற தகலோக்கும் நியூசிலாந்துல பேசுற மாவோரியும் ஒரு வயித்துப் பிள்ளையள்னு சொன்னீய. சரி. இதுல எது அசல் வாரிசு?"

"நீங்க என்ன நினைக்கீய?"

"தகலோக்தான், வேற என்ன? வானத்துக்கு அவங்க லங்கித்னு சொல்லுதாங்க. மாவோரியில ரங்கி. வாலைக் காணோம். அழுகைக்கு அங்க தங்கிஸ், இங்க தங்கி. அதுக்கும் வால் போச்சு. தாய் வீட்டுப் பக்கத்துலயே இருந்தவன் ஒழுங்கா வச்சிருக்கான். கடல் தாண்டிப் போனவன் வழியெல்லாம் தொலைச்சுக்கிட்டே போயிருக்கான்."

டீச்சர் ஒரு சேலையை உதறி மடித்தார்.

"சந்தேகம்னு வந்தீய. தீர்ப்பையே கையில வச்சிருக்கீய. வீட்டுல என்ன நடந்துச்சு?"

கோமதிநாயகம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்.

"பினாங்குக்காரன் வந்திருக்கான்."

பினாங்குக்காரன் என்றது சித்தப்பா மகன் ஆவுடையப்பனை. சித்தப்பா இளவட்டத்தில் பினாங்குக்குப் போனவர், திரும்பவே இல்லை. அவர் மகன் இப்போதுதான் முதன்முதலாகக் குலசாமியைக் கும்பிட வந்திருக்கிறார். உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் குடும்பத்து ஆண்களில் மூத்தவர் முதல் பொங்கல் பானையை வைக்க வேண்டும். அப்பா போனபிறகு அது கோமதிநாயகத்தின் உரிமை.

"முதல் பானையை அவன் வைக்கணுமாம்."

"உங்களுக்கு மூத்தவரா?"

"என்ன பெரிய மூப்பு, கொஞ்ச மாசம். அதுக்காக? பேச்சுல பாதி மலாய். பொங்கல்ல பாண்டான் இலையைப் போடுதான் டீச்சர்! நம்ம ரம்பை இலை. சாஸ்தாவுக்குப் பிரியாணி வாசத்துல பொங்கலா? ஒனக்கு ஒண்ணும் தெரியாது, ஓரமா நின்னு கும்பிட்டுட்டுப் போன்னு சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சாப்பிடலை. பொட்டியக் கட்டி வச்சிருக்கான்."

சுவரில் காய்ந்திருந்த பாசியை விரலால் சுரண்டினார்.

"இவன் மூஞ்சியத் தூக்கிட்டுப் போயிட்டா, அந்தப் பக்கத்துல இருந்து இனி ஒரு குஞ்சு வராது டீச்சர். அவன் பிள்ளையளுக்கு ஊர் பேரே தெரியாது. அவனப் போக விடவும் முடியல. விட்டுக் கொடுக்கவும் மனசு வரமாட்டேங்கு."

"மாவோரியில மீனுக்கு என்ன?"

"இப்போ எதுக்கு மீன்? இகா."

"தகலோக்குல?"

"இஸ்தா."

"தாய் வீட்டுல, அந்த மூல மொழியில?"

"இகான் மாதிரி ஒண்ணு இருந்திருக்கும்னு நீங்கதான சொன்னீய."

"அப்போ அது யார் கையில இருக்கு?"

தாசில்தார் தலையைச் சொறிந்தார்.

"போனவன் கையில. அதெப்படி டீச்சர்? வீட்டுலயே இருந்தவன் எப்படித் தொலைச்சான்?"

"எனக்கென்ன தெரியும்? உங்க வீட்டுல இப்போ எப்படிப் பொங்குதீய?"

"முன்ன மாதிரி முடியுமா? சமையல்காரர் வீட்டுலயே கேஸ் அடுப்புல பொங்கிருவாரு. கோயில்ல முதல் பானையை மட்டும் நான் இறக்கி வைப்பேன்."

"அடுப்புல இருந்தா?"

"வேன்ல இருந்து."

டீச்சர் சிரிக்கவில்லை. அது கோமதிநாயகத்துக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று.

"அவர் எப்படிப் பொங்குதாரு?"

"அது ஒரு கூத்து! நேத்து முற்றத்துல வெள்ளோட்டம் பாத்தான். மண்பானை, மூணு கல்லு, விறகு. ஒரு துண்டை மடிச்சு வாயையும் மூக்கையும் சேத்துக் கட்டிக்கிட்டான், களவாணி மாதிரி. பொங்கி இறக்குற வரை ஒரு வார்த்தை பேசலையே! என்ன கேட்டாலும் சைகை. சின்னதுங்க எல்லாம் விழுந்து விழுந்து..."

சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"யார் சொல்லிக் கொடுத்தாங்களாம்?"

"சித்தப்பா."

"சித்தப்பாவுக்கு?"

கோமதிநாயகம் சுவரை விட்டு எழுந்தார்.

"எங்க தாத்தாதான். மூச்சுக் காத்து சாமி சோத்துல படக் கூடாதும்பாரு. எங்கப்பாவும் கட்டுவாரு. நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன் டீச்சர். அடப் பாவி, மறந்தே போனேனே!"

துடைக்கத் துடைக்கக் கண்ணில் நீர் வந்தது. டீச்சர் பார்க்காத மாதிரி தலையணை உறைகளை மடித்தார்.

"அது சரி," என்றார் கோமதிநாயகம், கடைசியாக ஒரு பிடி கிடைத்தவர்போல. "அந்த இலைக்கு என்ன சொல்லுதீய?"

"தகலோக்குல மேசைக்கு மேசாம்பாங்க. ஸ்பெயின்காரன் கொண்டாந்தது. நம்ம மேசையும் போர்ச்சுக்கீசியர் விட்டுட்டுப் போனதுதான். உங்க வீட்டு மேசையை யாரும் தெருவுல தூக்கிப் போட்டாங்களா?"

கீழே பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

"அப்போ அண்ணன்தான் முதல் பானை வைக்கணும்ங்கீயளா?"

டீச்சர் கொடியிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்தார். நீளவாக்கில் மடித்து அவர் தோளில் போட்டார்.

"நாளைக்கு அவர் பக்கத்துல உக்காந்து இதைக் கட்டிக்கிடுங்க அண்ணாச்சி. பொங்கி இறக்குற வரைக்கும் நீங்க தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை."