நிமிஷத்துக்குப் பத்து ரூபாய்

டி.வி. போட்டியில் அள்ளிக் கொடுக்கிறார்களே, அது யார் வீட்டுப் பணம்? விளம்பரக்காரர் கொடுப்பது என்பீர்கள். பல இடங்களில் அப்படித்தான். நான் சொல்லப்போகும் மதிய நேரப் போட்டிக்கு அப்பளக் கம்பெனி தந்தது ஒரு பை அப்பளம் மட்டுமே. பரிசான இருபதாயிரம், போன் செய்கிறவர்களிடமிருந்தே வந்தது. நிமிஷத்துக்குப் பத்து ரூபாய். லைனில் சும்மா காத்திருந்தாலும் காசு ஓடும்.

அதனால் தயாரிப்பாளர் சபேசன், போன் எடுக்கும் பெண்களுக்குச் சட்டம் போட்டிருந்தார். "பேசிப் பேசிப் பிடிச்சு வைங்க. யாரை நிகழ்ச்சிக்கு அனுப்பணும்னு கம்ப்யூட்டர் சொல்லும். சொந்த நம்பரை யாருக்கும் கொடுக்கக் கூடாது."

பாளையங்கோட்டை அருளானந்தம் முப்பது வருஷம் சரித்திரம் நடத்திய வாத்தியார். மனைவி இறந்துவிட்டாள். மஸ்கட்டில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாள். தினமும் இரண்டு மணிக்கு அவர் போட்டிக்குப் போன் செய்வார். அவர் நம்பர் வந்தால் அந்தப் பெண்களில் ஷமீமாதான் எடுப்பாள்.

"சாப்பிட்டாச்சா சார்? இன்னிக்கு என்ன குழம்பு?"

முதலில் சபேசன் சொன்னதற்காகத்தான் கேட்டாள். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று அவர் திருப்பிக் கேட்ட அன்றிலிருந்து மனசாரவே கேட்டாள். ஹாஸ்டலில் அவளை அப்படிக் கேட்க ஒரு நாதியில்லை.

ஒருநாள், "உன் நம்பர் தர்றியாம்மா?" என்றார்.

"அதுக்கு இங்க அனுமதி இல்ல சார்."

அவர் மறுபடி கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் அவர் கொட்டியது பதினெட்டாயிரம். கம்ப்யூட்டரில் அதைப் பார்த்த ஷமீமாவுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், இன்னிக்கு உங்களை நானே நிகழ்ச்சிக்கு அனுப்புறேன். ஜெயிச்சு உங்க காசை வாங்கிக்கோங்க. ஜெயிச்சவங்க ஒரு வருஷத்துக்கு இங்க போன் பண்ணக் கூடாது, அதனால என்ன!"

கேள்வி வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார்?

"அக்பர்" என்றார் சரித்திர வாத்தியார்.

தொகுப்பாளினி விழுந்து விழுந்து சிரித்தாள். பார்த்த ஊரே சிரித்தது. பரிசு மிச்சமானாலும், கம்ப்யூட்டரை மீறி ஆளை அனுப்பியதற்காகச் சபேசன் அன்று சாயங்காலமே ஷமீமாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் இரண்டு மணிக்கு வாத்தியார் போன் செய்தார். "சாப்பிட்டாச்சா சார்?" என்றது வேறு குரல். "ம்" என்று வைத்துவிட்டார்.

கட்டணத்தைத் திரையில் எழுதிக் காட்டித்தான் சபேசன் வாங்கினார். ஷமீமா தன் வேலையைப் பணயம் வைத்தாள். வாத்தியார் பரிசையும் மானத்தையும் விட்டார். சொல்லுங்கள், மூவரில் யார் செய்தது சரி?

விடை: சபேசனை விடுங்கள், அவருக்கு எல்லாமே வியாபாரம். வாத்தியார் செய்தது சரி என்பேன். தனக்கு வேண்டியது பரிசு இல்லை, தினமும் இரண்டு மணிக்குக் கேட்கும் குரல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஷமீமாவுக்குத் தங்கமான மனசு, ஆனால் கணக்குத் தப்பிவிட்டது. மீறுவதென்று துணிந்த பிறகு, நம்பர் தரக்கூடாது என்ற சட்டத்தை அல்லவா அந்தப் பெண் மீறியிருக்க வேண்டும்? அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தானே! இப்போதும் இரண்டு மணி ஆகிறது. சாப்பிட்டாயா என்று கேட்க, அவருக்கும் ஆளில்லை, அவளுக்கும் ஆளில்லை.