வலப்பக்கத்து இலை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கும் நம்மைப் போலவே சாப்பிட்டதும் நெஞ்சு கரித்த காலத்தில், கனகவர்மர் என்று ஓர் அரசர் இருந்தார். அவருக்கு ஒரு வழக்கம். தனியே சாப்பிட மாட்டார். பெரிய கூடத்தில் பந்தி போடச் சொல்லி, மந்திரி பிரதானிகளை இருபுறமும் உட்கார வைத்துக்கொண்டுதான் இலையில் கை வைப்பார்.

அந்தச் சபையின் பொறாமை முழுவதும் அந்தப் பந்தியில்தான் இருந்தது. ஒருவருக்குப் பட்டம் கிடைத்தால் மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பல்லக்குக் கிடைத்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒருவருடைய இலை அரசரை நோக்கி ஓர் இடம் நகர்ந்துவிட்டால், அன்றைக்கு மற்றவர்களுக்குச் சோறு இறங்காது.

அரசருக்கு வலப்பக்கம் கட்டியக்காரர் சிங்காரம் உட்காருவார். அரசர் வரும்போது முன்னால் நடந்து பட்டங்களைச் சொல்லிக் கூவுகிறவர். இருவரும் சிறு வயதில் ஒன்றாக மாங்காய் திருடியவர்கள். இடப்பக்கம் விகடகவி குழைக்காதன். அவனுக்கு அடுத்த இலை ராஜவைத்தியர் அகோரமூர்த்திக்கு. அரசர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வைத்தியர் குழைக்காதனுடைய காதைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். அந்தக் காதின் மேல் அவருக்கு இருந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. குழைக்காதனும் ஒன்றும் முனிவன் அல்ல. வலப்பக்கத்து இலையைப் பார்க்கும்போது அவன் மனசிலும் ஒரு முள் உறுத்தும்.

ஒருநாள் அரண்மனைக்கு இளம் கட்டியக்காரன் ஒருவன் வந்து சேர்ந்தான். வெண்கல மணி போன்ற குரல். சிங்காரத்துக்கு மனசு பொறுக்கவில்லை. ஊர் ஊராகப் போகும் வியாபாரி ஒருவனிடம், குரலை வளர்க்கும் என்று சொல்லி விற்ற ஒரு பொடியை வாங்கினார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு அவன் சிரித்தான். எவ்வளவு தின்பது என்று கேட்டதற்கு, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு என்றான். சிங்காரம் பிடிப்பிடியாகத் தின்றார். குரல் வளரவில்லை. வயிறு வீங்கி, மாதம் முடியுமுன் கண்ணை மூடிவிட்டார். வியாபாரி அதற்கு முன்பே எல்லையைத் தாண்டிவிட்டான்.

போனவர்களுடைய இடம் சாப்பாட்டு வேளையில்தான் பெரிதாகத் தெரியும். அரசர் வலப்பக்கத்தில் இலை போடுவதை நிறுத்தவில்லை. அது தினமும் வெறுமனே விரிந்து கிடக்கும். பரிமாறுகிறவர்கள் அதைத் தாண்டிப் போவார்கள். அரசர் சிரிப்பதை விட்டுவிட்டார்.

இதுதான் சமயம் என்று அகோரமூர்த்தி முன்னே வந்தார். "அரசே, சந்தையில் கண்டவர்கள் விற்பதைக் கண்டவர்கள் தின்பதால் வந்த வினை இது. இனி உடம்புக்கு நல்லது என்று சொல்லி எவரும் எதையும் என் முத்திரை இல்லாமல் விற்கவும் கூடாது, தின்னவும் கூடாது என்று ஆணையிடுங்கள்."

துக்கத்தில் இருந்த அரசர் சரியென்றார். முரசு அறைந்தார்கள்.

மேலைக் கோட்டை வாசலில் வடிவம்மை என்று ஒருத்தி சுக்கு மிளகு திப்பிலிப் பொடியும் கரிசாலை லேகியமும் விற்றுவந்தாள். வைத்தியர் வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கடை. போகிற நோயாளிகளில் பாதிப்பேர் அவளிடமே வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அவள் கடைக்குத்தான் காவலர்கள் முதலில் போனார்கள். ஜாடிகளின் வாயைத் துணியால் கட்டித் தூக்கிப் போனார்கள். அவள் நேரே குழைக்காதன் வீட்டுக்கு வந்தாள்.

"சாமி, நான் என்னத்த ஒளிச்சு வித்தேன்? கேக்குறவங்களுக்கு எல்லாம் என்ன போட்டிருக்குன்னு சொல்லித்தான் குடுக்கேன். பாதிப்பேரு அதைக் கேட்டுட்டு வீட்டுலயே இடிச்சுக்கிடுறாங்க. அந்தப் பொடிக்காரப் பய ஓடிப் போயிட்டான். ஓடாம இருந்தேன் பாருங்க, அதுதான் நான் செஞ்ச குத்தம்!"

மறுநாள் சபையில் குழைக்காதன் எழுந்தான். "அரசே, ஆணையில் எனக்கு ஒரு சந்தேகம். உடம்புக்கு நல்லது என்றால் எது? சோறு எங்கே முடிகிறது, மருந்து எங்கே தொடங்குகிறது?"

"விகடகவிக்குச் சந்தேகமல்ல, பயம்" என்றார் அகோரமூர்த்தி. "தினமும் ஒளித்துத் தின்னும் நெல்லிக்காய் லேகியம் நின்றுவிடுமே!"

"ஒளித்துத் தின்னவில்லை, வைத்தியரே. நீர் பார்க்கும்போது தின்றால் எனக்கு வயிறு வலிக்கிறது."

சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை. "சிங்காரம் செத்துப் போயிருக்கிறான், உனக்கு விளையாட்டா? நாளை மதியப் பந்தியில், சோற்றுக்கும் மருந்துக்கும் நடுவே உள்ள கோடு எது என்று என் கண்முன் காட்டு. காட்டினால் ஆணையை மாற்றுகிறேன். காட்டாவிட்டால் ஆணை அப்படியே நிற்கும். உன் இலையும் அகோரமூர்த்திக்குப் போகும். நீ கடைசி வரிசையில் குதிரைக்காரர்களோடு சாப்பிடலாம்."

அன்றைக்கு வைத்தியர் வீட்டில் பாயசம் வைத்தார்களாம்.

குழைக்காதன் இரண்டு வேலை செய்தான். முதலில் ஒரு சிறு ஜாடியில் கருநிறப் பொடி ஒன்றை நிரப்பி, முத்திரைக்காக வைத்தியருக்கு அனுப்பினான். "அண்டை நாட்டு அரசர் தினமும் சாப்பிடுவது. நாளைக்கு நம் அரசருக்கு நான் கொடுக்க வேண்டும். தயவுசெய்து முத்திரை வேண்டும்" என்று சொல்லியனுப்பினான்.

அகோரமூர்த்திக்கு வயிறு எரிந்தது. இதையும் இவனே கொடுத்துப் பெயர் வாங்குவதா? ஜாடிக்கு முத்திரை வைத்தார். வைக்குமுன் பொடியில் பாதியைத் தம்முடைய வெள்ளிச் செப்பில் கொட்டிக்கொண்டு, அதற்கும் ஒரு முத்திரை வைத்தார். பொடி என்னவென்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

பிறகு குழைக்காதன் அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனான். தலைமைப் பரிசாரகர் சேஷனிடம், "ஆணையைக் கேட்டீரா?" என்றான்.

"கேட்டேன். அதுக்கென்ன?"

"மிளகு எதற்கு?"

"சளிக்கு நல்லது."

"முத்திரை இருக்கிறதா?"

சேஷன் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அடப்பாவி! என் கழுத்துக்கு வழி பண்ணிட்டியே!"

மறுநாள் பந்தி. வலப்பக்கத்து வெற்று இலை முதல் கடைசி இலை வரை தண்ணீர் தெளித்தாயிற்று. பரிமாற யாரும் வரவில்லை. அரசர் திரும்பிப் பார்த்தார். சேஷன் வந்து கைகட்டி நின்றார்.

"மகாராஜா, ரசம் வைக்கலை. மிளகும் சீரகமும் ஜீரணத்துக்கு நல்லதாம், முத்திரை இல்லை. இஞ்சி பித்தத்துக்கு நல்லது. பெருங்காயம் வாயுவுக்கு நல்லது. கறிவேப்பிலை முடிக்கு நல்லது. மோர் சூட்டுக்கு நல்லது."

"சோறு?" என்றார் அரசர்.

"போன மாசம் தங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ, கஞ்சிதான் மருந்துன்னு ராஜவைத்தியர் மூணு வேளையும் குடுக்கச் சொன்னார். அதனால அரிசியையும் எடுத்து வைச்சுட்டேன்."

"உப்பு?"

"அதுவும் தொண்டைக்கு நல்லது, மகாராஜா."

அரசர் தம் வெற்று இலையைப் பார்த்தார். அவருக்கு நல்ல பசி. "குழைக்காதா! இதுதான் நீ காட்டும் கோடா?"

"இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், அரசே. இலையில் எங்கேயாவது இருக்கும் என்று பார்த்தேன், இலையே காலியாகிவிட்டது."

அகோரமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். "அரசே, இவன் கேலி செய்வது தங்களை அல்ல, இறந்துபோன சிங்காரத்தை. இலை காலியானால் பசிக்கும், அவ்வளவுதான். அந்தப் பொடியைத் தின்றவர் திரும்பி வரவில்லையே!"

குழைக்காதன் தலையைக் குனிந்துகொண்டான். வைத்தியர் சொன்னதில் பொய் இல்லை.

அந்தக் குனிந்த தலை வைத்தியருக்கு இனித்தது. இடுப்பிலிருந்து வெள்ளிச் செப்பை எடுத்தார். "அரசர் பட்டினியாக இருக்க வேண்டியதில்லை. இதோ ராஜசஞ்சீவி. எங்கள் பரம்பரை மருந்து. என் முத்திரையே இருக்கிறது. ஒரு சிட்டிகை போதும், பசி அடங்கும், இளமை திரும்பும்."

அரசர் கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கள், அரசே" என்றான் குழைக்காதன். குரலில் விகடம் இல்லை. "வைத்தியரே, இதில் என்ன இருக்கிறது?"

"அது குடும்ப ரகசியம்."

"எவ்வளவு தின்னலாம்?"

"எவ்வளவு... வேண்டுமோ அவ்வளவு."

அரசரின் கை நின்றது. இந்தப் பதிலை அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார். சிங்காரம் படுக்கையில் கிடந்தபோது, பொடிக்காரன் என்ன சொன்னான் என்று கேட்டதற்கு வந்த பதில் இது.

"அகோரமூர்த்தி" என்றார் மெதுவாக. "நீ முதலில் சாப்பிடு."

வைத்தியர் ஒரு சிட்டிகை எடுத்தார். கை மார்புவரை வந்தது. பொடி கறுப்பாக இருந்தது. அனுப்பியவன் குழைக்காதன். உள்ளே என்ன கலந்திருக்கிறானோ, யாருக்குத் தெரியும்? கை தாடைவரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. பொடி அங்கவஸ்திரத்தில் சிந்தியது. வாய் திறக்கவில்லை.

குழைக்காதன் எழுந்து, தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையைச் சுட்டிக் காட்டினான்.

"அரசே, கோடு கிடைத்துவிட்டது. விற்கிறவனுடைய கைக்கும் அவன் வாய்க்கும் நடுவில்தான் அது இருக்கிறது. தங்களுக்கு நீட்டும்போது தடையில்லாமல் நீண்ட கை, தம் வாய்க்குப் போகும்போது நிற்கிறது பாருங்கள். முத்திரை இருக்கிறது, உள்ளே இருப்பது என்னவென்று முத்திரை வைத்தவருக்கே தெரியாது. நேற்று முத்திரைக்காக நான் அனுப்பிய பொடியில் பாதி இது."

"விஷமா?" என்றார் அரசர்.

குழைக்காதன் செப்பை வாங்கி, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். பிறகு அரசரிடம் நீட்டினான். அரசர் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது... கருப்பட்டி!"

"கருப்பட்டியும், கருகும்படி வறுத்த அரிசி மாவும். என் வீட்டில் குழந்தைகள் அழுதால் கொடுப்பது. எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம், விக்கல் வந்தால் தண்ணீர் குடிக்க வேண்டும்."

அரசர் ராஜவைத்தியரைப் பார்த்தார். குழந்தைத் தின்பண்டத்துக்குப் பயந்த கை இன்னும் தாடையருகே நின்றுகொண்டிருந்தது. அரசருடைய வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். சிங்காரம் போன பிறகு அந்தக் கூடத்தில் கேட்காத சிரிப்பு கேட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டபோது, "அவனுக்கு முன்னால் அந்தப் பொடியை யாராவது ஒருத்தர் தின்று காட்டியிருக்கக் கூடாதா?" என்றார். அப்புறமும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

வடிவம்மையை அழைத்து வந்தார்கள், காவலர்கள் தூக்கிப் போன ஜாடிகளும் வந்தன. அவள் கேட்காமலே தன் ஜாடியைத் திறந்து, இதில் சுக்கு, மிளகு, திப்பிலி என்று சொல்லி, ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு, "நான் தெனமும் திங்கிறதுதான் ராசா" என்றாள்.

"ஒரு சிட்டிகையில் என்ன தெரியும்?" என்று அகோரமூர்த்தி முணுமுணுத்தார். "ஒரு சிட்டிகை சிங்காரத்தையும் கொன்றிருக்காது. பிடிப்பிடியாகத் தின்றதுதான் கொன்றது."

"பொறாமையில்லாமல் வைத்தியர் சொன்ன முதல் வார்த்தை இது" என்றான் குழைக்காதன். "இதை அவர் சந்தையில் வந்து சொல்லட்டும், அரசே."

அப்படியே புது ஆணை பிறந்தது. யாரும் எதையும் விற்கலாம், யாரும் எதையும் தின்னலாம். ஆனால் விற்கிறவர் உள்ளே இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதே ஜாடியிலிருந்து எடுத்து வாங்குகிறவர் முன்னால் தின்ன வேண்டும். எதை எவ்வளவுக்கு மேல் தின்றால் ஆபத்து என்று ராஜவைத்தியர் கடைகடையாகப் போய்ச் சொல்ல வேண்டும். சொல்ல மறுக்கிறவனுக்கும் தின்ன மறுக்கிறவனுக்கும் அந்த நாட்டில் கடை கிடையாது.

அரசர் தம் கையிலிருந்த வைரக் காப்பைக் கழற்றிக் குழைக்காதனுக்குப் போட்டார். "வா, வலப்பக்கம் வந்து உட்கார்."

குழைக்காதன் அந்த இலையைப் பார்த்தான். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட இலை. சிங்காரம் உட்கார்ந்து, ரசத்தை உறிஞ்சுகிற சத்தம் அவன் காதில் கேட்டது.

"வேண்டாம், அரசே. தங்களை நோக்கி என் கழுத்து வலப்பக்கமாகத் திரும்பியே பழகிவிட்டது. அங்கே உட்கார்ந்தால் சுளுக்கிக்கொள்ளும். ராஜவைத்தியரை உட்கார வையுங்கள். நாட்டில் புதிதாக எந்தப் பொடி வந்தாலும் தங்கள் பக்கத்திலிருந்தே முதலில் தின்று பார்க்கட்டும்."

அகோரமூர்த்தி ஆயுள் முழுவதும் ஏங்கிய இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். வடிவம்மை முதல் சிட்டிகையைத் தாராளமாகவே வைத்தாள். அவர் அதைத் தின்று, தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டபோது அரசர் மறுபடி சிரித்தார்.

அதற்குள் வைத்தியர் எழுந்து வந்த இடத்தில், குழைக்காதன் பக்கத்து இலைக்கு முன்னால், மூன்று பிரதானிகள் ஒரே சமயத்தில் உட்காரப் போய் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். சேஷன் அவசரமாக வைத்த ரசத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.