பீர் மழை

வைத்தியர் பாக்கியத்தாய்க்கு நாற்பது வயது. அவரிடம் மருந்து படிக்க வந்த சீடர் கொம்பையாவுக்கு ஐம்பத்திரண்டு. சீடர் குருவை வைத்தியரம்மா என்பார், குரு சீடரை அண்ணாச்சி என்பார். எந்த மடத்திலும் இல்லாத ஏற்பாடு.

கொம்பையா பகலெல்லாம் உப்பளத்தில் உப்பைக் கூட்டி வாரும் வாருபலகை இழுப்பார். சாயங்காலம் வந்து சுக்கு இடிப்பார். இடித்து முடித்ததும் நேரே கடைக்குப் போய்க் குடிப்பார். மூன்றிலும் ஒருநாள் தவறியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவர் நொண்டியடித்து வந்தார். வலது கால் பெருவிரல் தக்காளி மாதிரி சிவந்து பளபளத்தது. ஈ வந்து உட்கார்ந்தாலும் உயிர் போனது.

வெள்ளிக்கிழமை இந்தப் பருவத்தின் முதல் உப்பு வார வேண்டும். அவருடைய அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு முதல் பலகையை இழுக்கிறவர்தான் பருவம் முடியும் வரை எல்லாருக்கும் முன்னால் நிற்பார். இருபத்திரண்டு பருவமாக அது கொம்பையா. அவருக்கு அடுத்து நிற்பவன் சித்திரவேல்.

"ராத்திரி என்ன குடிச்சீய?" என்றார் பாக்கியத்தாய்.

"மருந்து."

"என்ன மருந்து?"

"பீரு. ரெண்டு பாட்டில்."

பாக்கியத்தாய் சுளகில் சுக்கைப் புடைத்துக்கொண்டே இருந்தார். கொம்பையா விடுவதாக இல்லை.

"பெரியாஸ்பத்திரி டாக்டர் என்ன சொன்னாரு?" மூக்கால் பேசிக் காட்டினார். "'ரத்தத்துல யூரிக் ஆசிட் ஜாஸ்தி. அது விரல் மூட்டுல உப்பா ஊசி ஊசியா படிஞ்சிருக்கு.' நீங்களும் ஆமான்னீய. உப்புன்னா எனக்குத் தெரியாதா? மழை பெஞ்சா பாத்தியில உப்பு கரையுதா, இல்லையா?"

"கரையுது."

"அப்ப மேலருந்து பீரை ஊத்தினா விரல்ல இருக்க உப்பு கரையணுமா, வேண்டாமா? அதுக்குத்தான் பிராந்திய விட்டுட்டு பீருக்கு மாறுனேன். சொல்லுங்க பாப்போம்."

பாக்கியத்தாய் சுளகை வைத்துவிட்டு எழுந்தார். ஒரு சட்டியில் கல்லுப்பு இரண்டு கை அள்ளிப் போட்டு அவர் முன்னால் வைத்தார்.

"கரைங்க."

"இது என்ன பெரிய வேலை." கொம்பையா பக்கத்தில் இருந்த குடிதண்ணீர்க் குடத்துக்குக் கை நீட்டினார்.

பாக்கியத்தாய் குடத்தை மூடினார். "நல்ல தண்ணி வேண்டாம். கடைசிப் பாத்தித் தண்ணி கொண்டாங்க."

வீட்டுக்குப் பின்னாலேயே அளம். ஊன்றக் கம்பு கொடுத்தால் கொம்பையா வேண்டாம் என்றார். குதிகாலை மட்டும் ஊன்றி, வரப்புக்கு வரப்பு நின்று, யாரையோ திட்டிக்கொண்டே போய் ஒரு செம்பு மொண்டு வந்தார். ஊற்றினார். கலக்கினார். உப்பு அப்படியே கிடந்தது. சட்டியோடு தூக்கிக் குலுக்கினார். அப்படியேதான் கிடந்தது.

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னையே ஏமாத்துதீயளே. இது முத்துன தண்ணி. உப்பைக் குடிச்சுக் குடிச்சு வயிறு முட்டி நிக்குது. இதுவா கரைக்கும்? ஒரு நாள் வெயில்ல விட்டா, இருக்கிறதோட இன்னும் ரெண்டு கல்லு போட்டுட்டுப் போவும்."

"ஓ," என்றார் பாக்கியத்தாய். "தண்ணியில அப்படி ஒரு தண்ணியும் இருக்கோ?"

கொம்பையா சட்டியைப் பார்த்தார். விரலைப் பார்த்தார்.

"பீருக்குள்ள அந்த உப்பு இருக்கா?"

"அந்த உப்பாகிறதுக்கு உண்டான சரக்கு இருக்கு."

அதற்காகக் கொம்பையா மடங்கிவிடுவாரா?

"சரி, பீரு தப்பு. ஒத்துக்கிடுதேன். பிராந்தியில அது கெடையாதுல்ல? பழையபடி அதுக்கே போயிருதேன்."

"பாத்தியில வேண்டாத தண்ணி சேந்தா என்ன செய்வீய?"

"மடையத் திறந்து விடுவோம்."

"மடையத் திறக்கிற ஆளுக்கு நீங்களே ஊத்திக் குடுத்துட்டா?"

"அவன் எங்க திறப்பான்? வரப்புல சாஞ்சு கெடப்பான்."

"உடம்புக்குள்ளயும் மடை உண்டு அண்ணாச்சி. பிராந்தியோ கள்ளோ, எது உள்ள போனாலும் அந்த ஆளு சாஞ்சிருதான்."

"அப்ப ஒயின்?"

பாக்கியத்தாய் உப்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். கொம்பையா அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை எனக்குக் காலு தரையில பாவுமா? அத மட்டும் சொல்லுங்க."

"ஆஸ்பத்திரி மாத்திரையப் போடுங்க. நல்ல தண்ணி குடிங்க. காலைத் தூக்கி வச்சு நாலு நாள் கெடங்க. ஒரு சொட்டு தொடாம இருந்தா பாவலாம். சத்தியம் பண்ண மாட்டேன். இன்னைக்கும் போனீயன்னா பலகை சித்திரவேலுக்கு."

அந்த நேரத்தில் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்று ஹார்ன் அடித்தது. சித்திரவேல்தான். தினமும் இந்த நேரத்துக்கு அண்ணாச்சியைக் கடைக்கு ஏற்றிப் போகிறவன் அவன். கெட்டவன் இல்லை, கூட உட்கார ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, வாறீயளா? ஒரு ரவுண்டு போட்டா வலி தெரியாது."

கொம்பையா சுவரைப் பிடித்து எழுந்தார். வலியில் முகம் கோணியது. கோணிய முகத்தோடு குருவிடம் திரும்பினார்.

"டாக்டர் குடிக்காதன்னான். வீட்டுல அவ குடிக்காதன்னா." மனைவியின் குரலில் ஒரு தடவை இழுத்தும் காட்டினார். "இப்ப நீங்க. தெரிஞ்சுக்கோங்க வைத்தியரம்மா. அளத்து முதலாளி வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு நின்னப்பவும் நான் குனிஞ்சவன் இல்ல. எவன் சொல்லுக்கும் ஆடுறவன் இல்ல இந்தக் கொம்பையா. எந்திரின்னா எந்திரிக்க மாட்டேன், உக்காருன்னா உக்கார மாட்டேன். இந்த ஒத்தை விரலுக்கா பயப்படுவேன்?"

பாக்கியத்தாய் சுளகை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நான் குடிக்காதீயன்னு சொல்லவே இல்லையே அண்ணாச்சி. நீங்க யாருக்கும் எந்திரிக்காத ஆளுன்னு ஊருக்கே தெரியும். இப்ப அவன் ஒரு ஹார்ன்தான அடிச்சான்?"

கொம்பையா சுவரைப் பிடித்தபடியே திரும்ப உட்கார்ந்தார்.

வாசலில் வண்டி கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது. பிறகு பின்சீட்டில் ஆளில்லாமல் போனது.