எழுதாத மூன்றாவது ஓட்டம்

யூஜினா யாருக்கும் கம்ப்யூட்டர் விற்றதில்லை. எதை வாங்கலாம் என்று சொல்வது மட்டுமே அவர் வேலை.

பீளமேட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். பாலம் வடிவமைக்கும் பொறியாளர், பட எடிட்டர், அனிமேஷன் செய்கிறவர் என்று கனமான மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் தங்கள் சொந்த ஃபைலை எடுத்துக்கொண்டு அங்கே வருவார்கள். கடைக்காரர்கள் இரவல் கொடுத்த கம்ப்யூட்டர்கள் மேஜைமேல் வரிசையாக இருக்கும். வந்தவரின் ஃபைலை யூஜினா ஒவ்வொன்றிலும் பலமுறை ஓட்டிப் பார்த்து, எது எத்தனை நிமிடத்தில் முடித்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்களை அவர் படிப்பதே இல்லை.

அவருக்கு வயது முப்பத்தாறு. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

அவரிடம் தொழில் கற்க வந்த சென்னியப்பனுக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருடம் ஒரு பவுண்டரியில் வார்ப்புகளின் தரம் பார்த்தவர். ஆறிய வார்ப்பைச் சுத்தியலால் லேசாகத் தட்டி, அந்தச் சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். பவுண்டரியை மூடிவிட்டார்கள். மகளின் பழைய லேப்டாப்பில் தட்டித் தடவிக் கொஞ்சம் பழகிக்கொண்டு, ஒரு நாள் மாடியேறி வந்தார்.

"என்ன தெரியும்ண்ணா?" என்று கேட்டார் யூஜினா.

"ஒண்ணும் தெரியாதுங்க டீச்சர். ஒரு எடத்துல உக்காந்து பார்க்கத் தெரியும்."

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துருங்க."

ஐந்து மாதம் போனது. ஓட்டம் தொடங்கவும், நேரம் குறிக்கவும், முடிவைத் தாளில் எழுதவும் அவர் கற்றுக்கொண்டார். ஆனாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது தோளைச் சுருக்கிக்கொண்டுதான் உட்காருவார். ஒருமுறை அவர் கால் பட்டு ஒயர் கழன்று, பாதி ஓட்டத்தில் திரை அணைந்தது. அங்கே இருந்த எடிட்டர் ஒருவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு சென்னியப்பன் நாற்காலியை மேஜையிலிருந்து ஒரு முழம் தள்ளியே போட்டுக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை ஹசீனா வந்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. விபத்தில் நொறுங்கிய எலும்பின் ஸ்கேன் படங்களை வைத்து, கம்ப்யூட்டரில் அந்த எலும்பை முழுதாக உருவாக்குவார். பிறகு அதை அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கில் எடுத்து டாக்டரிடம் கொடுப்பார். டாக்டர் அந்த மாதிரி எலும்பின்மேல் தகட்டை வளைத்து, அளவு சரிபார்த்த பிறகுதான் ஆபரேஷன் செய்வார்.

"என் பழைய மிஷின் போன வாரம் போயிடுச்சு டீச்சர். வியாழக்கிழமை ஒரு தாடை ஆபரேஷன் இருக்கு. லாரி தட்டின ஆள். நாளைக்கே ஏதாவது ஒண்ணு வாங்கியாகணும்."

மேஜையில் அவர் வேலைக்குத் தாங்கக்கூடியவை இரண்டு இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. விலை ஏறக்குறைய ஒன்றுதான். யூஜினா அந்த ஃபைலைச் சென்னியப்பனிடம் கொடுத்தார்.

"ஒவ்வொண்ணுலயும் அஞ்சு தடவை ஓட்டுங்கண்ணா."

கறுப்பு நாற்பத்தொரு நிமிடத்தில் முடித்தது. வெள்ளைக்கு ஐம்பத்தெட்டு நிமிடம் பிடித்தது. இரண்டாவது முறையும் அப்படியே.

மூன்றாவது ஓட்டம். முப்பத்து மூன்றாவது நிமிடத்தில், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சென்னியப்பன் மவுசை நகர்த்தினார். கறுப்பின் திரை அப்படியே நின்றுவிட்டது. அம்பு அசையவில்லை. எந்தப் பொத்தானுக்கும் பதில் இல்லை.

அவர் மவுசிலிருந்து கையை எடுத்தார். திரும்பிப் பார்த்தார். யூஜினா அடுத்த அறையில் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, நான்காவது ஓட்டத்தைத் தொடங்கினார். மவுசைத் தொடவே இல்லை. நாற்பத்தொரு நிமிடம். ஐந்தாவதும் நாற்பத்தொன்று.

தாளில் கறுப்புக்கு நான்கு வரிகள் எழுதினார்.

சாயங்காலம் யூஜினா அந்தத் தாளை வாங்கி மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அப்போது போன் வந்தது. பேசிக்கொண்டே தாளை ஹசீனாவிடம் நீட்டினார். மறுநாள் காலை ஹசீனா, கடைக்காரரிடம் பணம் கட்டிவிட்டு, மேஜையில் இருந்த அந்தக் கறுப்பையே வாங்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை நாலு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், காலையிலிருந்து மூணு தடவை நின்னுடுச்சு. ஒரு தடவை முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது நின்னுச்சு. இப்பவே அச்சுக்குப் போட்டாத்தான் விடியறதுக்குள்ள தாடை கைக்கு வரும்."

யூஜினா உடனே எழுந்தார். வெள்ளையை ஒயரோடு கழற்றினார். சென்னியப்பன் அதை மடியில் வைத்துக்கொள்ள, இருவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெள்ளை ஐம்பத்தெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. முடித்தது. அச்சு தொடங்கும்போது மணி ஏழாகியிருந்தது.

மறுநாள், கறுப்பைத் திரும்ப எடுத்து வரச் சென்னியப்பன் தனியாகப் போனார். மாதிரித் தாடை அப்போதுதான் தயாராகி டாக்டரிடம் போயிருந்தது. அன்றைய நேரம் தவறிவிட்டதால் ஆபரேஷனை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள்.

வராந்தாவில் ஒரு பெண் தம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் தாடையில் கட்டுப்போட்ட ஆள். அவர் வாயில் குழாய் வைத்து, அதன் வழியே அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

சென்னியப்பன் நின்றுவிட்டார்.

"நேத்து ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணி குடுக்கலீங்க," என்றாள் அந்தப் பெண், அவர் கேட்காமலேயே. "ஆபரேஷன்னு சொன்னாங்க. இப்ப நாளைக்குன்னுட்டாங்க. இன்னைக்கு ராத்திரியும் பட்டினி போடோணும். கம்ப்யூட்டர்ல என்னமோ கோளாறாமுங்க."

"ஆமாங்க," என்றார் சென்னியப்பன்.

"உங்களுக்கு யாருங்க இங்க?"

அவர் தம் கையிலிருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். "நான் இதை எடுக்க வந்தேனுங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பீளமேட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கீழே வைத்தார். உட்காரவில்லை.

"டீச்சர், மூணாவது ஓட்டத்துல இது நின்னுச்சுங்க. திங்கக்கிழமையே. நான் எழுதலை."

யூஜினா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கறுப்புல நாலு வரிதான் இருந்துச்சு," என்றார். "நானும் எண்ணிப் பார்க்கலீங்க."

பிறகு எழுந்து, கறுப்பைத் தானே மேஜையில் ஏற்றி ஒயர் மாட்டினார். ஹசீனாவின் ஃபைலைப் போட்டார்.

"நிக்கிற வரைக்கும் ஓட்டுங்கண்ணா. மவுசைத் தொட வேண்டாம். பார்த்துட்டு மட்டும் இருங்க."

சென்னியப்பன் உட்கார்ந்தார். முதல் ஓட்டம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. கீழே மருந்துக்கடைக்குப் பக்கத்தில் டீ வாங்கி வந்து யூஜினா ஒரு தம்ளரை அவர் பக்கத்தில் வைத்தார். அது ஆறிப்போனது. நான்காவது ஓட்டத்தில், இருபத்தாறாவது நிமிடத்தில், யார் கையும் படாமல் திரை நின்றது.

யூஜினா பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே நான்கு மெமரித் துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே சோதித்தார். மூன்று நல்லவை. நான்காவது, சூடு ஏறியதும் தப்புத் தப்பாகப் பதில் சொன்னது. அதைச் சென்னியப்பனின் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு விரல் அகலம்தான் இருந்தது.

"பவுண்டரியில அஞ்சு காஸ்டிங் தட்டிப் பார்ப்பீங்க. நாலு நல்ல சத்தம், ஒண்ணு மட்டும் வேற சத்தம். என்ன பண்ணுவீங்க?"

"அந்த ஒண்ணைத்தானுங்க முதல்ல உடைப்போம்."

"நாலை?"

"நாலை யாருங்க பார்ப்பாங்க? அது பாட்டுக்குக் கெடக்கும். வேற சத்தம் வந்ததை உடைச்சு, உள்ள எங்க ஓட்டை, மண்ணுல ஈரமா, உலையில சூடு பத்தலையான்னு பார்த்தாத்தானுங்க..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

உள்ளங்கையில் இருந்த மெமரித் துண்டையே பார்த்தார்.

"ஹசீனாகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்று யூஜினா போனை எடுத்தார்.

"வேண்டாங்க. நான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, சென்னியப்பன் போன் செய்தார். தகடு சரியாகப் பொருந்தியது, ஆள் கண் விழித்துவிட்டார் என்று ஹசீனா சந்தோஷமாகச் சொன்னார். சென்னியப்பன் மூன்றாவது ஓட்டத்தைப் பற்றிச் சொன்னார்.

"அந்த ஒரு வரி இருந்திருந்தா நான் வெள்ளையத்தான் எடுத்திருப்பேன்ண்ணா," என்றார் ஹசீனா. "பதினேழு நிமிஷம் எனக்கு ஒண்ணுமே இல்ல. ஒரு டீ குடிக்கிற நேரம்."

"தெரியுதுங்க."

"அந்த மனுஷன் ரெண்டு ராத்திரி பட்டினி கிடந்தாரு."

"பார்த்தேனுங்க."

ஹசீனா வேறு எதுவும் சொல்லாமல் போனை வைத்தார். கோபமாகத் திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது.

அன்று வேறு யாரும் வரவில்லை. யூஜினா ஒரு புதுத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை ஓட்டங்களை முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவதுக்கு வந்ததும் பேனா நின்றது.

"அன்னைக்கு ஏண்ணா எழுதலை?" என்று கேட்டார் யூஜினா. குரலில் கடுமை இல்லை.

"மறைக்கோணும்னு இல்லீங்க டீச்சர். பவுண்டரியில நான் தெரிஞ்சவன். ஒரு காஸ்டிங் சரியில்லைன்னா, அது சரியில்லைன்னு அடிச்சுச் சொல்லுவேன். இங்க..." அவர் தம் கையை விரித்துப் பார்த்தார். விரல் நுனிகளில் பழைய தீக்காயங்கள் வெளுத்திருந்தன. "நான் மவுசை நகர்த்தின நேரம் பார்த்து அது நின்னுச்சு. இவ்வளவு பெரிய மிஷின் தப்புப் பண்ணுமா, கை பழகாத நான்தான் எதையோ அமுக்கிட்டேன்னு நெனச்சேனுங்க. என்னோட தப்பை எதுக்கு அது மேல எழுதறதுன்னு விட்டுட்டேன்."

யூஜினா தலையசைத்தார்.

"இப்ப மெமரிதான் காரணம்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் சென்னியப்பன். "இனிமே எழுதறது சுலபமுங்க. ஆனா நாளைக்கே மறுபடி ஒண்ணு இப்படி நின்னா? அது மிஷினோட தப்பா, என்னோட தப்பான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? தெரியாம எப்படி எழுதறது?"

யூஜினா அந்தத் தாளை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"இதுல தப்பு யாரோடதுன்னு எழுத எங்கயாச்சும் கட்டம் போட்டிருக்கேனுங்களா, பாருங்க."

சென்னியப்பன் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இல்லீங்க."

"என்ன நடந்துச்சுன்னு எழுதத்தானுங்க எடம் இருக்குது."