முத்திரை இல்லாத ஓலை

1974 ஐப்பசியில், மாட்டுத் தரகர் இருளப்பக் கோனார் சொல்லக் கேட்டு எழுதியது.

உப்பூரணிக் கண்மாய் நீரை வயல்களுக்குப் பங்கிடும் நீர்ப்பாய்ச்சி சீனியம்மைக்கு நெடுநாள் ஏக்கம் ஒன்றிருந்தது. கண்மாய் நிரம்பினால், மிகைநீர் போகும் கலுங்கின் பலகையை ஊராரே எடுத்து நீரை வெளியேற்றும் உரிமை வேண்டும் என்பதே அது. சமஸ்தானத்துத் திவானின் சட்டமோ, அதற்குத் தலைநகர் முத்திரையிட்ட ஓலை வர வேண்டும் என்றது. ஓலைக்குக் காத்திருந்தே முந்தைய ஆண்டு கரை உடைந்து, விளைந்த பயிர் போயிற்று.

விசாரிக்க வந்த திவான், "ஓலையின்றிப் பலகையைத் தொடக் கூடாது, இனிக் கரையும் உடையக் கூடாது" என்றார்.

"உத்தரவு சாமி. வத்துன கண்மாய்க்குள்ள புல்லு மெத்தையாட்டம் கிடக்கு, அங்கேயே கூடாரம் அடிங்க" என்றாள் சீனியம்மை.

திவானும் அங்கேயே தங்கினார்; மூன்று நாள் மழையில் நீர் கூடாரத்தைச் சூழ்ந்தது. திவான் கட்டில்மேல் ஏறி நின்று, "பலகையை எடு" என்றார்.

"ஓலைக்கு ஆள் போயிருக்கு சாமி. போக ஒன்பது நாள், வர ஒன்பது நாள்."

"நானே சொல்கிறேனே."

"வாய்ச்சொல் செல்லாதுன்னு எழுதினது சாமிதானே? கலுங்கு அதிகாரத்தையும், கரை கட்ட எங்க வரியில பாதியையும் ஊருக்கே எழுதிக் கொடுங்க."

திவான் எழுதி நீட்டினார்.

"முத்திரை இல்லையே, செல்லுமா சாமி?"

"செல்லும், செல்லும்."

ஊரார் காதுபட அதை மூன்று முறை சொல்லவைத்த பிறகே அவள் பலகையை எடுத்தாள்.

இருளப்பக் கோனார் இத்துடன் நிறுத்தினார். தலைநகருக்கு வெகுதொலைவிலுள்ள ஊர்களில் சொல்பவர்களோ, திரும்பிப்போன திவான் முத்திரையில்லை என்று அவ்வோலையைத் தள்ளிவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர்கள் கதையில், மழை பிடிக்கும்போதெல்லாம் சீனியம்மை கரைமேல் நின்று தலைநகர்ச் சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.